மேஜருக்கு இடப்பக்கம்

ஓடுகிறோம். மேட்டை நோக்கி. அந்த உயரத்தில் அதை ஓட்டம் என்று சொல்லக் கூடாது. சில எட்டு வைக்கிறோம். நிற்கிறோம். மூச்சு வாங்குகிறோம். மறுபடி சில எட்டு. என் முதுகில் ரேடியோ. அதன் பட்டை தோளை அறுக்கிறது. வலப்பக்கம், மலைக்கு அப்பால், ஒரு சத்தம். டப். காலி டின்னின் அடியில் யாரோ தட்டியது மாதிரி. அவ்வளவு சின்னச் சத்தம்.

“படு! படு!”

கத்தியது லான்ஸ் நாயக் எபினேசர். நான் குப்புற விழுந்துவிட்டேன். தலையை மட்டும் திருப்பிப் பார்க்கிறேன். எங்கள் மேஜர் கௌதமன் இன்னும் நடந்துகொண்டிருக்கிறார். பார்க்கில் காலை நடை போகிறவர் மாதிரி. எபினேசர் எழுந்து ஓடுகிறான். அவருக்கு இடப்பக்கமாகப் போய்த் தோளில் தட்டுகிறான். இரண்டு தட்டு. அந்த நொடியே மேஜர் தரையில் கிடந்தார். பிறகு தலைக்கு மேலே ஷ்ஷ் என்று ஒரு சரசரப்பு. பிறகு வெடி. மண், பனி, கல்தூள் எல்லாம் முதுகில் கொட்டின.

எழுந்து பார்த்தால் மேஜர் சட்டையைத் தட்டிக்கொண்டு நிற்கிறார்.

“என்ன குரு, உயிரோட இருக்கீங்களா? நடங்க. இங்கயே உக்காந்தா அடுத்தது மடியில வந்து விழும்.”

நடந்தோம்.

தேதி சொல்ல மாட்டேன். எல்லோரும் தேதியைத்தான் கேட்கிறார்கள். தேதி தெரிந்துவிட்டால் அந்த ஒரு நாள் காலையில் மாலை போட்டுவிட்டு மிச்ச நாளெல்லாம் நிம்மதியாக இருக்கலாம் என்று நினைப்பு. எனக்கு அந்த நிம்மதி வாய்க்கவில்லை. நான் சத்தங்களைச் சொல்கிறேன். அவை அச்சுப் பிசகாமல் நினைவிருக்கின்றன. பனி உருகி மலையில் வழி திறந்த பருவம். வடக்கெல்லை. நாங்கள் பீரங்கிப் படை.

நான் நாயக் முருகேசன். ரேடியோ ஆபரேட்டர். பெங்களூரு மர்பி டவுனில் பிறந்து வளர்ந்தவன். இப்போது பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையின் கேட் என் பொறுப்பு. உட்கார நாற்காலி கொடுத்திருக்கிறார்கள். நான் உட்காருவதில்லை. கேட்டுக்கும் லாரி நிற்கும் இடத்துக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். பக்கத்து ஷெட்டில் நாள் முழுக்கத் தகடு அடிக்கிறார்கள். தட். தட். தட். அது பரவாயில்லை. ஒழுங்காக வருகிற சத்தம் என்னை ஒன்றும் செய்யாது. ஒரே ஒரு தடவை வருகிற சின்னச் சத்தம்தான் ஆகாது. மெட்ரோவில் யாராவது டிபன் பாக்ஸ் மூடியைத் திறந்தால் போதும். டப். என் முழங்கால் தானாக மடங்கும். பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்து இடம் கொடுக்கிறார்கள். கிழவனுக்கு மயக்கம் என்று நினைப்பு. எனக்கு அவ்வளவு வயசு ஒன்றும் ஆகவில்லை.

மார்ட்டர் குண்டு நேராக வராது. குழாயிலிருந்து மேலே போகும். மலையையே தாண்டும். அப்புறம் உச்சந்தலைக்கு மேலிருந்து இறங்கும். குழாயை விட்டுக் கிளம்பும்போது கேட்பதுதான் அந்த டப். அது காதில் விழுந்தவனுக்குக் கொஞ்சம் அவகாசம் உண்டு. படுக்கலாம். பாறைக்கு அடியில் புகலாம். காதில் விழாதவனுக்கு எதுவும் இல்லை.

மேஜர் கௌதமனுக்கு வலது காது கேட்காது.

இதை நான் எழுதுவது இதுவே முதல் தடவை. எழுதச் சொன்னவர் யார் என்பது பின்னால் வரும்.

மேஜரின் குடும்பம் கோலார் தங்கவயலில் இருந்து வந்தது. பௌத்தக் குடும்பம். அவருடைய அப்பா சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கி ஏற்றும் கூண்டை இயக்கியவர். மேலே இருப்பவருக்குக் கீழே நடப்பது தெரியாது. மணிதான் பாஷை. ஒரு மணி அடித்தால் நிறுத்து. இரண்டு மணி அடித்தால் கூண்டை இறக்கு. “எங்கப்பா எங்களுக்குக் காதால சோறு போட்டார்டா” என்று மேஜர் சொல்வார். சொல்லிவிட்டுத் தன் வலது காதைச் சுண்டுவார். சிரிப்பார். எங்களுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாது.

சுரங்கம் மூடியதும் அல்சூர் பக்கம் ஓர் அறை வீட்டுக்கு வந்தார்கள். அவர் அங்கிருந்து படித்தார். பந்து உதைத்தார். அதிகாரித் தேர்வு எழுதினார். பீரங்கிப் படையைத் தானே கேட்டு வாங்கினார். அதிகாரிகளோடு இருக்கும்போது பளபளக்கும் இங்கிலீஷ். எங்களோடு தனியாக இருந்தால் பெங்களூருத் தமிழ். எல்லோரும் அவருக்குக் குரு. கோபம் வந்தால் மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். பெயர் சொல்லிவிட்டால் அன்று அந்தப் பக்கமே போகக் கூடாது. டீ ஒரு குவளைதான் இருக்கிறது என்றால் “பை-டூ போடு” என்பார். பிளாஸ்க் மூடியில் பாதி, குவளையில் பாதி. பெங்களூருக்காரன் எந்த மலையில் ஏறினாலும் பை-டூ பழக்கம் போகாது.

காது போனது போரில் இல்லை. பாலைவனத்தில் ஒரு பயிற்சியில். அப்போது அவர் கேப்டன். போனில் பேசுவதற்காகக் காதடைப்பை எடுத்திருந்தார். ஒரு வீரன் பீரங்கிக்குப் பின்னால், அது உதைக்கும் இடத்தில், குனிந்து எதையோ எடுத்துக்கொண்டிருந்தான். சுடும் உத்தரவு கொடுத்தாகிவிட்டது. இவர் ஓடிப்போய்க் காலரைப் பிடித்து இழுத்தார். பீரங்கி வெடித்தது. அந்த வீரன் இன்றைக்கும் ஓசூர் ரோட்டில் லாரி ஓட்டுகிறான். கேப்டனின் வலது காதிலிருந்து ரத்தம் வந்தது. அந்தக் காது கேட்காமல் போய்விட்டது.

வெளியே சொல்லவில்லை. சொன்னால் பீரங்கியை விட்டு அலுவலக மேஜைக்கு அனுப்பிவிடுவார்கள். வருடா வருடம் டாக்டர் காதைச் சோதிப்பார். ஒரு காதை விரலால் அடைத்துக்கொள்ள வேண்டும். டாக்டர் பின்னால் நின்று மெல்லப் பேசுவார். பேசியதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். “நல்ல காதை அடைக்கும்போது விரலுக்கும் காதுக்கும் நடுவுல கொஞ்சம் சந்து விட்டா போதும் குரு. அவ்வளவுதான் வித்தை.” இப்படி எங்களிடமே பெருமையடித்துக்கொள்வார்.

எங்கள் பேட்டரி முழுவதற்கும் அது தெரியும். பேட்டரி என்றால் சில பீரங்கிகளும் அவற்றின் ஆட்களும் சேர்ந்த ஒரு குடும்பம். அந்தக் குடும்பத்தில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. மேஜருக்கு எப்போதும் இடப்பக்கம் போ. சமையல்காரர் டீ கொண்டுவந்தால் இடப்பக்கமாகச் சுற்றி வருவார். புதிதாகச் சேருகிறவனுக்கு முதல் நாளே சொல்லிவிடுவோம். வலப்பக்கமிருந்து கத்தினாலும், இடது காதில் காற்று அடித்தால் அவருக்குக் கேட்காது. வலப்பக்கமிருந்து யாராவது தொட்டால் அவர் துள்ளிவிடுவார். அடுத்த நிமிஷம் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். வெடிச்சத்தத்தில் வாய்ப் பேச்சு உதவாத நேரத்துக்கு அவரே ஒரு வழி செய்து வைத்திருந்தார். அப்பாவின் மணி. இடது தோளில் ஒரு தட்டு என்றால் நில். இரண்டு தட்டு என்றால் இறங்கு, படு. வேறு எந்த பேட்டரியிலும் இந்த வழக்கம் கிடையாது.

தோளில் தட்டும் வேலை எபினேசருடையது. அவனும் தங்கவயல்தான். அவன் அப்பா ஆசீர்வாதம் சுரங்கத்துக்குள் இறங்கி வேலை செய்தவர். எபினேசர் வரைபடத்தில் கணக்குப் போடுவான். வாய் ஓயாது. கல்யாணத்துக்குப் பெண் பார்த்து வைத்திருந்தார்கள். எடுத்துக்காட்டுவதற்கு அவனிடம் அவள் படம் இல்லை. அதனால் கண் இப்படி, மூக்கு இப்படி என்று எங்கள் எல்லோரிடமும் விவரித்துவிட்டான். இன்று அந்தப் பெண்ணைத் தெருவில் பார்த்தால் எனக்கு அடையாளம் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

மேஜர் மேலே போக வேண்டியதே இல்லை. மேலே நின்று குறி பார்த்துச் சொல்லும் வேலைக்கு இளம் அதிகாரி ஒருவர் இருந்தார். மலை அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நெஞ்சில் நீர் கட்டி அவரைக் கீழே இறக்கினார்கள். எதிர்ச் சரிவில் ஒரு காலாட்படைக் கம்பெனி மாட்டிக்கொண்டிருந்தது. மேலே இருந்த பதுங்குகுழிகளிலிருந்து இயந்திரத் துப்பாக்கி அவர்களைத் தலைதூக்க விடவில்லை. பீரங்கி அந்தக் குழிகளை உடைத்தால்தான் அவர்கள் எழுந்திருக்க முடியும். மேஜர் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். நானே போகிறேன் என்றார். எபினேசரும் நானும் பின்னால் போனோம்.

மேலே நெஞ்சளவு கல்லடுக்கு. அங்கே நிற்கிறோம். பீரங்கிகள் எங்களுக்குப் பின்னால், வெகு கீழே. அவர்களுக்குக் குழிகள் தெரியாது. நாங்கள்தான் கண். மேஜர் பார்த்துச் சொல்வார். எபினேசர் கணக்கிட்டு எனக்குச் சொல்வான். நான் ரேடியோவில் சொல்வேன். கீழே அதை அப்படியே திருப்பிச் சொல்வார்கள். நாங்கள் சரி என்ற பிறகே குண்டு கிளம்பும்.

கல்லடுக்குக்கு வலப்பக்கம், கொஞ்சம் தள்ளி, பாறையில் ஒரு குடைவு. மேலே கூரை மாதிரி கல். அந்த மலையில் பத்திரமான இடம் அது ஒன்றுதான். மேஜர் என்னை அதற்குள் தள்ளினார்.

“நீ அங்க இரு. ரேடியோ போச்சுன்னா எல்லாம் போச்சு.”

“சார், மார்ட்டர் வலப்பக்கம்தான் இருக்கு. நீங்க இங்க வாங்க.”

“அங்கேர்ந்து குழி தெரியாதுடா.”

அவ்வளவுதான். உட்கார்ந்தாலும் குழி தெரியாது. அதனால் நின்றார். அவருடைய செவிட்டுக் காது மார்ட்டர் இருந்த பக்கம். அவருக்கு அது தெரியாமல் இல்லை. அந்த இடத்தை அவரே எடுத்துக்கொண்டார்.

காலை முழுவதும் சுட்டோம். பின்னாலிருந்து எங்கள் குண்டு தலைக்கு மேல் போகும். துணி கிழிகிற சத்தம். அப்புறம் எதிரே தும். எதிரொலி மலைமலையாகப் போய் அடங்கும். நடுநடுவே வலப்பக்கம் டப். எபினேசர் இடது தோளில் இரண்டு தட்டு. இருவரும் படுப்பார்கள். வெடிக்கும். எழுவார்கள். ஒவ்வொரு தடவையும் அது சரியாக நடந்தது. இடையில் பிளாஸ்க்கைத் திறந்து பை-டூ போட்டார்கள். எனக்குப் பங்கு இல்லையா என்று கத்தினேன். எபினேசர் தன் பாதியை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான். அதில் பாதி கொடுத்தான். ஆறிப்போயிருந்தது. அவ்வளவு ருசியான டீ நான் குடித்ததில்லை.

ஒரு குழி உடைந்தது. இன்னொன்று பாக்கி. குண்டு விழ வேண்டிய இடத்துக்கு மேஜர் கடைசித் திருத்தம் சொன்னார். நான் ரேடியோவில் சொல்வதற்குள் கீழேயிருந்து குரல். ஒரு பீரங்கியில் கோளாறு. கொஞ்சம் பொறுங்கள். நான் எபினேசரைக் கூப்பிட்டேன். அவன் என் பக்கம் வந்தான். குனிந்தான். அவன் கை என் முழங்கால் மேல் இருந்தது. பீரங்கிகள் ஓய்ந்திருந்தன. மலையே அமைதியாக இருந்தது. மேஜரின் இடது காதில் அடித்த காற்று மட்டும்.

டப்.

“படு!”

நான் கத்தினேன். எபினேசரும் கத்தினான். குடைவில் இரண்டு பேருக்கு இடம் இருந்தது. சும்மா முன்னால் சாய்ந்தால் போதும், அவன் உள்ளே இருப்பான். சாயவில்லை. திரும்பிப் பார்த்தான். மேஜர் கண்ணிலிருந்து பைனாகுலரை எடுக்காமல் நின்றுகொண்டிருந்தார்.

ஓடுகிறான். நான் பார்க்கிறேன். நேராகப் போனால் மேஜரின் வலது கை. அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு விழுந்தால் போதும். அவன் நேராகப் போகவில்லை. மேஜரின் முதுகுக்குப் பின்னால் சுற்றுகிறான். இடப்பக்கம் போகிறான். யோசித்துச் செய்தது இல்லை. அவன் கால்களுக்கு வேறு வழி தெரியாது. எங்களில் யார் ஓடியிருந்தாலும் அப்படித்தான் சுற்றிக்கொண்டு போயிருப்போம். வேறு பேட்டரிக்காரன் ஒருவன் அங்கே இருந்திருந்தால் நேராகப் போய் இழுத்திருப்பான்.

தோளில் கை. ஒரு தட்டு. இன்னொரு தட்டு. பார்த்தேன். மேஜரின் முழங்கால் உடனே மடங்கியது. அவர் இறங்க ஆரம்பித்துவிட்டார். எபினேசர் இன்னும் நின்றுகொண்டிருந்தான்.

ஷ்ஷ்.

வெடித்த சத்தம் எனக்கு நினைவில்லை. அது ஒன்றுதான் நினைவில்லை.

கண் திறந்தபோது ஒலியே இல்லாத உலகம். வாயில் கல்லும் ரத்தமும். தாடை தொங்கியது. இடுப்பில் சூடு. கல்லடுக்கு இருந்த இடத்தில் கல்லடுக்கு இல்லை. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தார்கள். எபினேசரின் கை மேஜரின் தோள் மேல் இருந்தது. ஊர்ந்து போனேன். இருவரையும் தொட்டேன். திரும்பி ஊர்ந்து வந்தேன். என் காது மெல்லத் திறந்தது. ரேடியோவில் யாரோ தயார், தயார் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். மேஜரின் கடைசித் திருத்தத்தைச் சொன்னேன். உடைந்த தாடையோடு எப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியாது. கீழே திருப்பிச் சொன்னார்கள். சரி என்றேன். துணி கிழிந்தது. எதிரே தும். மாலைக்குள் அந்தக் கம்பெனி எழுந்து மேலே ஏறியது.

ஆஸ்பத்திரியில் ஓர் அதிகாரி வந்து கேட்டார். என் தாடையைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். பல்லிடுக்கில் சொன்னேன். நான் கத்தினேன். சார் படுக்கவில்லை. அதற்கு மேல் பேச முடியவில்லை. சொன்னது உண்மை. அந்த உண்மை கைமாறிக் கைமாறி ஒரு வாக்கியமாக ஆகிவிட்டது. எச்சரிக்கைக் குரல்களைப் பொருட்படுத்தாமல் நிமிர்ந்து நின்ற வீரர். வருடா வருடம் அல்சூர் பக்கத்துப் பூங்காவில் நினைவுக்கூட்டம் நடக்கும். மைக் பிடிக்கிறவர் அந்த வாக்கியத்தைச் சொல்வார். கைதட்டுவார்கள். எனக்கு எழுந்து ஓட வேண்டும் போல இருக்கும். மேஜர் ஒரு எச்சரிக்கையையும் அலட்சியம் செய்தவர் இல்லை. தோளில் தட்டு விழுந்த கணமே இறங்கியவர். எபினேசரைப் பற்றி ஒரு வாக்கியமும் கிடையாது. உடன் இருந்த ஒருவரும் உயிர் நீத்தார் என்பார்கள்.

ஆசீர்வாதம் ஐயா காலை ரயிலில் தங்கவயலில் இருந்து அந்தக் கூட்டத்துக்கு வருவார். பின்வரிசையில் உட்காருவார். சுரங்கத் தூசி நெஞ்சில் ஏறிய ஆள். கூட்டம் முடிந்ததும் என்னிடம் வருவார். ஒவ்வொரு வருஷமும் அதே கேள்வி.

“எம் புள்ள அந்த நேரத்துல இன்னா பண்ணினு இருந்தான் சார்?”

“சார் பக்கத்துல இருந்தான் ஐயா.”

“அது தெரியும். இன்னா பண்ணினு இருந்தான்?”

சொல்ல வேண்டுமென்றால் காதைச் சொல்ல வேண்டும். காதைச் சொல்லாமல் அந்த ஓட்டத்துக்கு அர்த்தம் இல்லை. காதைச் சொன்னாலோ, கேளாத காதை மறைத்துவைத்து மலை ஏறிய அதிகாரி என்று நாளைக்கே நாலு பேர் பேசுவார்கள். மேஜரின் மனைவி மாலதி மேடம் முன்வரிசையில் மகளோடு உட்கார்ந்திருப்பார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொள்வேன்.

போன வருஷம் இரண்டு விஷயம் சேர்ந்து வந்தன. பூங்காவில் நினைவுக்கல் வைப்பதாக, கூட்டம் நடத்தும் நலச்சங்கத்தில் முடிவு செய்தார்கள். அந்த வாக்கியத்தைக் கல்லில் வெட்டப் போகிறார்கள். ஆசீர்வாதம் ஐயாவும் கூட்டத்துக்கு வரவில்லை. மூச்சுக்கு ஆக்சிஜன் சிலிண்டர் வைத்துவிட்டார்கள் என்று அவர் மகள் போனில் சொன்னாள். என்னால் நிற்க முடியவில்லை. உட்காரவும் முடியவில்லை. ஷிப்டைப் பாதியில் விட்டுவிட்டு வைட்ஃபீல்டுக்குப் போனேன். மாலதி மேடம் அங்கேதான் வேலை பார்க்கிறார்.

அவர் ஆபீசுக்கு எதிரே ஒரு சின்ன ஓட்டல். நின்றபடி சாப்பிடும் இடம். எனக்குத் தோதான இடம். மேடம் வந்ததும் “ஒரு காபி, பை-டூ” என்றார். சாரின் காதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்தேன்.

“வலது காதா?” என்றார்.

நான் அவரையே பார்த்தேன்.

“எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க முருகேசன் அண்ணா? பைக்ல பின்னாடி உக்காந்து வலது பக்கம் பேசினா ஒண்ணுக்கும் பதில் வராது. இடது பக்கம் சாஞ்சு பேசினா எல்லாத்துக்கும் வரும். கல்யாணமாகி முதல் வாரமே கண்டுபுடிச்சிட்டேன். தூங்கும்போது நல்ல காதைத் தலகாணியில அமுக்கிட்டுப் படுத்துடுவார். பாப்பா ராத்திரி பூரா அழுவா. அவருக்கு ஒண்ணும் கேக்காது. எனக்குப் பொறாமையா இருக்கும்.”

சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. பேட்டரி முழுவதும் கட்டிக் காத்த ரகசியம், வீட்டில் முதல் வாரமே அம்பலமாகியிருக்கிறது. அப்புறம் எபினேசரைச் சொன்னேன். குடைவு, அவன் ஓடியது, இடப்பக்கம் சுற்றியது, இரண்டு தட்டு. சொல்லி முடிப்பதற்குள் மேடத்தின் முகம் மாறிவிட்டது.

“காதைப் பத்தி ஒழுங்கா சொல்லியிருந்தா அவரை மேல அனுப்பியிருக்க மாட்டாங்க இல்ல?”

“மாட்டாங்க மேடம்.”

“அப்போ எபினேசர் இன்னைக்கு உயிரோட இருப்பார்.”

“அந்தச் சரிவுல மாட்டுன கம்பெனிக்காரங்க எவ்வளவோ பேர் சார் இருந்ததாலதான்…”

“வேணாம் அண்ணா. கூட்டத்துல பேசற மாதிரி எங்கிட்டப் பேசாதீங்க. அந்த அப்பாகிட்ட போய் இந்தக் கணக்கைச் சொல்வீங்களா?”

காபி அப்படியே இருந்தது. மேடம் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சாலையைக் கடக்கும்போது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் பெரிய தப்பு செய்துவிட்டேன் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு வந்த நாட்களில் கேட்டில் என் நடை இன்னும் அதிகமாயிற்று. லாரிக்காரர்கள் கேலி செய்தார்கள்.

அப்புறம் ஒரு நாள் மேடத்திடமிருந்து போன் வந்தது. ஹலோகூடச் சொல்லவில்லை.

“தங்கவயல் ரயில் காலையில எப்போ அண்ணா? நான் வரேன். நான்தான் சொல்வேன்.”

போனோம். தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய சயனைடு மண்மேட்டைத் தாண்டி, பழைய சுரங்க வரிசை வீடு. தகரக் கூரை. ஐயா கட்டிலில் சாய்ந்திருந்தார். மூக்கில் குழாய். சிலிண்டரிலிருந்து ஸ்ஸ் என்று ஒரே சீரான சத்தம். சுவரில் எபினேசர், யூனிஃபார்மில். மேடம் ஸ்டூலைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“ஐயா, என் வீட்டுக்காரருக்கு ஒரு காது கேக்காது. அதை மறைச்சுட்டுதான் அங்க போனார். குண்டு வர்றது அவருக்குக் கேக்கல. உங்க மகனுக்குக் கேட்டுச்சு. அவருக்கு ஒளிஞ்சிக்க இடம் இருந்துச்சு. ஆனா ஓடி வந்து என் வீட்டுக்காரர் தோள்ல தட்டினார். அதனாலதான் போயிட்டார். இதை உங்ககிட்ட யாரும் சொல்லல. நீங்க என்னைத் திட்டணும்னா திட்டுங்க.”

ஐயா திட்டவில்லை. குழாயைச் சரிசெய்துகொண்டார். என்னைப் பார்த்தார்.

“எத்தினி தட்டு?”

“ரெண்டு ஐயா.”

“ரெண்டா.” கண்ணை மூடினார். “ரெண்டுன்னா எறக்கு.”

“ஆமா ஐயா. சார் அப்பா கூண்டு ஓட்டினவர். அவர் மணியைத்தான் சார் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்.”

“நான் அந்தக் கூண்டுலதான்யா தெனிக்கும் எறங்கினேன்.” மூச்சு வாங்கினார். “ரெண்டு மணி கேட்டா அந்த மனுசன் எறக்காம இருக்க மாட்டார். இவரு எறங்கினாரா?”

“எறங்க ஆரம்பிச்சுட்டார் ஐயா. நான் பார்த்தேன்.”

“அப்ப எம் புள்ள வேலைய முடிச்சிட்டான்.”

மேடம் அழுதார். நானும் அழுதேன். ஐயா அழவில்லை. மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, சாப்பிட்டுத்தான் போகணும் என்றார். மகள் சோறு போட்டாள். அந்த வீட்டில் நான் தரையில் உட்கார்ந்து முழுச் சாப்பாடும் சாப்பிட்டேன். ஒரு தடவைகூட எழுந்திருக்கவில்லை.

திரும்பும் ரயிலில் மேடம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். “எழுதுங்க அண்ணா. காதையும் சேத்து எழுதுங்க. பேசறவங்க பேசட்டும்.” எழுதச் சொன்னவர் அவர்தான். நலச்சங்கத்துக்கும் அவரே போனார். முதலில் தயங்கினார்கள். அந்த வாக்கியம் நன்றாக இருக்கிறதே என்றார்களாம். நன்றாக இருப்பதுதான் பிரச்சினை என்று மேடம் சொல்லிவிட்டு வந்தார். இப்போது கல்லில் வாக்கியம் இல்லை. இரண்டு பெயர்கள் மட்டும். எபினேசரின் பெயரை இடப்பக்கம் வெட்டச் சொன்னது நான்.

போனவை, போனவர்களின் கணக்கு இது. மேஜர் கௌதமன். லான்ஸ் நாயக் எபினேசர். எதிர்ச் சரிவில் ஏறித் திரும்பாதவர்கள். அவர்கள் பெயர் எனக்குத் தெரியாது, தெரிந்தவர்கள் எழுத வேண்டும். ஆசீர்வாதம் ஐயா, மழைக்காலம் தொடங்கும் முன்பே, பதில் கிடைத்த பிறகு. ஒரு பைனாகுலர். ஒரு வரைபடப் பலகை. ஒரு பிளாஸ்க், அதன் மூடி மட்டும் கிடைத்தது, அது என்னிடம் இருக்கிறது. என் கீழ்த்தாடைப் பற்கள். எபினேசர் கண்ணும் மூக்கும் சொல்லி வைத்த ஒரு பெண்ணின் கல்யாணம். அப்பாவின் குரல் நினைவில்லாத ஒரு மகள். ஒரு வலது காது. அது முன்பே போனது. இதுவரை எந்தக் கணக்கிலும் அதைச் சேர்க்கவில்லை. இதில் சேர்த்திருக்கிறேன்.